மகப்பேற்றின் முன்னறிகுறிகள்

ஊவா மலைகளில் ஐப்பசி பிறந்துவிட்டால் மாலைதோறும் மழை இறங்கும். நமுனுகுலையின் உச்சியை முகில் மூடும். தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து செல்லும் மண்பாதைகள் நீரோடைகளாக மாறும். அத்தகைய ஓர் இரவில், மேற்கணக்கு லயம் ஒன்றிலே, நிறைமாதப் பெண்ணொருத்தி உறக்கம் கலைந்து எழுகின்றாள் எனக் கொள்க. அடிவயிறு இறுகிப் பிடிக்கின்றது. சிறிது பொழுதில் விட்டுவிடுகின்றது. மீண்டும் பிடிக்கின்றது. பக்கத்திற் படுத்திருந்த மாமியார் எழுந்து கேட்கின்றாள்: "இது சூட்டு வலியா, பிள்ளை வலியா?"

மிக எளிய கேள்விதான். ஆயினும் அதற்குக் கிடைக்கும் விடையிலே இரண்டு உயிர்கள் தங்கியுள்ளன. சூட்டு வலியைப் பிள்ளை வலியென மயங்கி, மழையில் மலையிறங்கி, ஆஸ்பத்திரியை அடைந்து, "இன்னும் நாளிருக்கிறது" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்புவது வீண் அலைச்சல். பிள்ளை வலியைச் சூட்டு வலியென எண்ணி விடியுமட்டும் காத்திருப்பதோ பேராபத்து. அலைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆபத்தைப் பொறுக்க இயலாது. ஆதலின், மகப்பேறு நெருங்குவதைக் காட்டும் அறிகுறிகள் யாவை, அவற்றுள் காத்திருக்க இடந்தருவன எவை, ஒரு கணமும் தாழ்க்கவொண்ணாதன எவை என்பதைத் தாயும், அவளைச் சூழ்ந்திருப்போரும் முன்னரே அறிந்திருத்தல் இன்றியமையாதது.

தோட்டத்து மகப்பேற்றின் வரலாறு இந்த அறிவின் பெறுமதியை நன்கு விளக்கும். கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள், காடழித்த மலைகளிலே வரிசை அறைகளில் வாழ்ந்தன. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கெனத் தனிச் சட்டம் 1872ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. எனினும், பிள்ளைப்பேறு என்பது நெடுங்காலம் லயத்து அறையின் மூலையிலே, அனுபவமுள்ள மருத்துவிச்சியின் கையிலேயே நிகழ்ந்தது. அம்மூதாட்டியருட் பலர் கைராசியும் துணிவும் உடையவர்கள். அவர்கள் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஆயினும் இரத்தப்பெருக்கு, சன்னி, கிருமித்தொற்று என்னும் மூன்றும் வந்துற்றபோது அவர்களிடம் மருந்துமில்லை, கருவியுமில்லை.

கொழும்பிலே டி சொய்சா மகப்பேற்று இல்லம் 1879ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டு, பயிற்சி பெற்ற மருத்துவமாது கர்ப்பிணியின் வீட்டு வாயிலுக்கே செல்லும் முறை தொடங்கியது. தொழில்புரியும் பெண்களுக்கான மகப்பேற்று நன்மைச் சட்டம் 1939ஆம் ஆண்டிலே வந்தது. 1930களில் இந்நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் உயிர்நீத்தனர். இந்நூற்றாண்டிலோ அத்தொகை 40ஐ அண்டியும் அதற்குக் குறைந்தும் வந்துள்ளது. தென்னாசியாவிலே இத்தகைய வெற்றியை ஈட்டிய நாடுகள் மிகச் சில. இன்று இலங்கையிற் பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழ எல்லாமே, தோட்டப்புறக் குழந்தைகள் உட்பட, வைத்தியசாலையிலேயே பிறக்கின்றன.

அவ்வாறாயின் இனி அஞ்சுவதற்கு என்ன உள்ளது? வைத்தியசாலை உண்டு, வைத்தியர் உண்டு, ஆனால் லயத்துக்கும் வைத்தியசாலைக்கும் இடையே மலை உண்டு. பதுளைப் பெரிய வைத்தியசாலையும், தியத்தலாவை, வெலிமடை ஆதார வைத்தியசாலைகளும் ஊவாவின் தோட்டப்புறத் தாய்மாருக்கு உற்ற துணையாக உள்ளன. எனினும் மடுல்சீமையின் மேட்டிலோ, லுணுகலையின் உட்புறத்திலோ, பூனாகலையின் சரிவிலோ வாழும் பெண்ணுக்குத் தூரம் என்பது கிலோமீற்றரில் அளக்கப்படுவதன்று; நேரத்தில் அளக்கப்படுவது. தோட்டப் பாதையில் வண்டி ஊர்ந்து இறங்கவேண்டும். மழைக்காலத்தில் மண்சரிந்து வழி அடைபடலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் ஒரு லயக் குடியிருப்பையே மலை விழுங்கிய துயரத்தை ஊவா மறக்கவில்லை. பெரிய அழிவு நேராத ஆண்டுகளிலும், சிறு சரிவுகள் பாதையை மறிப்பது அவ்விடத்தார் அறிந்ததே.

தாய்மார் இறப்பதற்கு வழிசெய்யும் தாமதங்கள் மூன்று என 1994ஆம் ஆண்டிலே தடியஸ், மெய்ன் என்னும் ஆய்வாளர் இருவர் எடுத்துரைத்தனர். செல்லவேண்டும் என முடிவெடுப்பதில் நேரும் தாமதம் முதலாவது. வைத்தியசாலையைச் சென்றடைவதில் நேரும் தாமதம் இரண்டாவது. அங்கே உரிய சிகிச்சையைப் பெறுவதில் நேரும் தாமதம் மூன்றாவது. பாதையும் வைத்தியசாலையும் அரசினதும் நிர்வாகத்தினதும் பொறுப்பு. முதலாவது தாமதம் மாத்திரம் லயத்து அறைக்குள்ளேயே பிறக்கின்றது. அங்கேயே அதனை ஒழிக்கவும் கூடும். அதற்கு வேண்டுவது அறிகுறிகளைப் பற்றிய தெளிவு.

முதலில் நாட்கணக்கை நோக்குதல் வேண்டும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் கழியும் நாளையே மருத்துவமாது பிறப்பு நாளென அட்டையிற் குறிக்கின்றாள். அது குழந்தை கொடுத்த வாக்குறுதியன்று, ஓர் உத்தேசமே. குறித்த அந்நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 5 மட்டுமே. 37 வாரம் நிறைந்தபின் எந்நாளிலும் பேறு தொடங்கலாம். ஆதலால், "அட்டையில் இன்னும் பத்து நாளிருக்கிறதே" என்று சொல்லி மெய்யான வலியைப் புறக்கணிப்பது தவறு. மறுபுறம், 37 வாரம் நிறையாமுன் ஒழுங்காக வலி வருமாயின் அது குறைமாதப் பேற்றின் அறிகுறி. அப்போது தாழ்க்காது வைத்தியசாலை செல்லவேண்டும். உரிய நேரத்தில் சென்றால், குழந்தையின் நுரையீரல் வலுப்பெற ஊசிமருந்து கொடுக்க வைத்தியர்களுக்கு வாய்ப்புண்டு. குறித்த நாள் கடந்தும் வலி வராவிடினும் வீட்டில் இருந்துவிடலாகாது. அன்றே சென்று காட்டுதல் வேண்டும்.

இனி, உடல் முன்கூட்டியே காட்டும் குறிப்புகளைக் காண்போர்க்கு, முதலிற் புலப்படுவது வயிறு இறங்குதல். குழந்தையின் தலை இடுப்பெலும்பின் வளையத்துக்குள் இறங்கி அமர்கின்றது. அதுவரை நெஞ்சாங்கூட்டை நெருக்கிய வயிறு கீழே சரிகின்றது; மூச்சு எளிதாகின்றது; நெஞ்செரிச்சல் தணிகின்றது. ஆனால் அடிவயிற்றில் கனமும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உந்துதலும், நடையிலே அகலமும் தோன்றுகின்றன. தலைச்சன் பிள்ளையைச் சுமப்பவளிடம் இது பெரும்பாலும் பேற்றுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முன்பே நிகழும். முன்னரே பெற்றவளிடமோ வலி தொடங்கும் வரையிலும் தலை இறங்காதிருக்கக் கூடும். ஆகவே இரண்டாம் பிள்ளைக்காரி, "வயிறு இன்னும் இறங்கவில்லை, நாளாகும்" என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது.

வயிறு இறங்குதல் நாள் நெருங்குவதைக் காட்டுமேயன்றி நேரத்தைக் காட்டாது. அக்காலத்திலே கொழுந்துக் கூடையைத் தலையிற் கோத்துச் சரிவான மலையில் ஏறியிறங்குதல் தகாது. பேர் போடாவிட்டால் கூலி குறையுமே என்ற ஏக்கம் பலரையும் கடைசி நாள்மட்டும் மலைக்கு இழுத்துச் செல்வதுண்டு. மகப்பேற்று நன்மை பன்னிரண்டு வாரங்களுக்கு உரியது; முன்னர் பிள்ளைகளின் தொகையைக் கொண்டு அந்நன்மையைக் குறைத்த வேறுபாட்டை 2018ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கியது. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுதல் இரக்கம் கோருதலன்று.

இரண்டாவது குறிப்பு, இரத்தம் கலந்த சளி வெளிப்படுதல். கருப்பையின் வாயினைக் கர்ப்பகாலம் முழுவதும் ஒரு கெட்டியான சளிக்கட்டி அடைத்துக் காக்கின்றது. வாய் மெலிந்து திறக்கத் தொடங்கும்போது அக்கட்டி கழன்று, இளஞ்சிவப்பு அல்லது பழுப்பு நிறக் கோடுகளுடன் வெளிப்படும். இதனைக் கண்டவுடன் பதறவேண்டியதில்லை. வலி சில மணி நேரத்திலும் தொடங்கலாம், சில நாட்கள் கழித்தும் தொடங்கலாம். ஆனால் அன்றே மூட்டையைக் கட்டி ஆயத்தமாகிவிடல் வேண்டும். இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் பதித்தல் அவசியம். சளியோடு கலந்த சிறுதுளி இரத்தம் இயற்கை. சளியின்றிச் செந்நிறமாகப் பெருகும் இரத்தம், வலியிருப்பினும் இல்லாவிடினும், ஆபத்து. அது நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மறித்திருப்பதாலோ, நேரத்துக்கு முன் பிரிந்துவிட்டதாலோ வரக்கூடும். அத்தருணத்தில் காத்திருத்தலும், கைவைத்தியம் பார்த்தலும் உயிருக்கே உலை வைக்கும்.

மூன்றாவதாகவும் தலையாயதாகவும் உள்ளது வலி. 1872ஆம் ஆண்டிலே ஜோன் பிரக்ஸ்டன் ஹிக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், கர்ப்பகாலத்தில் கருப்பை இடையிடையே தானாக இறுகித் தளர்வதை விளக்கினார். பொய்வலி என இன்று மருத்துவ நூல்கள் கூறுவது இதனையே. தமிழ்ப் பெண்கள் இதற்குச் சூட்டு வலி என்று பெயரிட்டு, அதனைச் சோதிக்கும் வழியொன்றையும் வைத்திருந்தனர். சீரகத்தைக் கொதிக்க வைத்து இளஞ்சூட்டிற் குடிக்கக் கொடுத்து, சற்றே படுக்கச் செய்வர். வலி அடங்கினால் சூடு. அடங்காது மிகுந்தால் பிள்ளை. சீரகத்தில் மந்திரம் ஏதுமில்லை. ஆயினும் நீர் அருந்தியதாலும் ஓய்வு கொண்டதாலும் பொய்வலி தணிவது இயல்பு. மெய்வலி எதனாலும் தணியாது. முதியோரின் அச்சோதனையில் உண்மை உண்டு. ஆனால் அதனை ஒருமுறை செய்து பார்ப்பதோடு நிறுத்தவேண்டும். கஷாயத்தின்மேல் கஷாயமாக இரவைக் கழித்தல் ஆகாது.

மெய்வலிக்கும் பொய்வலிக்கும் உள்ள வேற்றுமைகளைத் தொகுத்துரைப்பின் அவை நான்காகும். ஒழுங்கு முதலாவது: பொய்வலி நினைத்தபோது வந்து நினைத்தபோது போகும், மெய்வலி ஒரு முறையோடு வரும். வளர்ச்சி இரண்டாவது: மெய்வலிகளுக்கிடையே உள்ள இடைவெளி வரவரக் குறுகும், ஒவ்வொரு வலியும் முந்தியதிலும் நீண்டு, கடுமையடையும். இடம் மூன்றாவது: பொய்வலி பெரும்பாலும் முன்வயிற்றிலோ அடிவயிற்றிலோ நிற்கும், மெய்வலி பலருக்கு இடுப்பின் பின்புறத்தே தொடங்கி முன்னே சுற்றிவரும். அதனாலன்றோ அதற்கு இடுப்பு வலி என்றே பெயர் வழங்குகின்றது! அசைவு நான்காவது: நடந்தாலும், படுத்தாலும், நிலை மாறினாலும் பொய்வலி குறையும், மெய்வலி குறையாது.

இவ்வேற்றுமையைக் கண்டறிவதற்கு வேண்டிய கருவிகள் இரண்டே: ஒரு கடிகாரம், ஓர் உள்ளங்கை. இன்று ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் உள்ள கைத்தொலைபேசியிலேயே கடிகாரம் உண்டு. துணையிருப்பவள் தன் உள்ளங்கையை மெல்ல வயிற்றின் மேற்புறத்தில் வைக்கட்டும். கருப்பை இறுகும்போது அவ்விடம் நெற்றியைத் தொட்டாற்போல் கெட்டிப்படும்; விட்டபின் கன்னம்போல் மென்மையுறும். ஒரு வலி தொடங்கும் நேரத்தையும், அடுத்த வலி தொடங்கும் நேரத்தையும் குறித்துக்கொள்க. தொடக்கத்திலிருந்து தொடக்கம் வரையிலானதே இடைவெளி. முடிவிலிருந்து தொடக்கம் வரையன்று. ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நீடித்தது என்பதையும் எழுதி வைக்கலாம்.

மேலே கண்ட பெண்ணுக்கு இரவு 11 மணிக்கு ஒரு வலி, 11.20க்கு ஒன்று, 11.28க்கு ஒன்று, பின்பு 12 மணிவரை ஒன்றுமில்லை என்றால், அது பெரும்பாலும் பொய்வலியே. அவள் நீரருந்தி, இடப்பக்கமாகச் சரிந்து உறங்கலாம். அவ்வாறன்றி 11 மணி, 11.12, 11.23, 11.33, 11.42 என வலிகள் நெருங்கி வந்து, அரைநிமிடம் நீடித்தது முக்கால் நிமிடமாக வளருமாயின், ஐயத்துக்கு இடமில்லை. ஆறாவது வலிக்காகக் காத்திராது வண்டிக்குச் சொல்லிவிடல் வேண்டும்.

நகரத்துப் பெண்களுக்குக் கூறப்படும் விதி ஒன்றுண்டு. தலைச்சன் பிள்ளையாயின், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி, ஒரு மணி நேரம் தொடர்ந்தபின் வைத்தியசாலைக்குப் புறப்படலாம் என்பது அது. வாயிலுக்கே வண்டி வந்து அரை மணியில் வைத்தியசாலையை அடைவோர்க்கு அவ்விதி பொருந்தும். மேற்கணக்கு லயத்துக்கு அது பொருந்தாது. வண்டி வருவதற்கு ஒரு மணி, இறங்குவதற்கு இன்னொன்று எனக் கணக்கிடவேண்டிய இடத்தில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்கான வலி வந்தவுடனேயே புறப்படுவதே அறிவுடைமை. இரண்டாம், மூன்றாம் பிள்ளையைச் சுமப்பவளுக்குக் கருப்பையின் வாய் விரைந்து திறக்கும். அவள் வலியின் ஒழுங்கு தெரிந்தவுடன், எண்ணிக்கொண்டிராது புறப்படல் வேண்டும்.

வலி எதற்காக வருகின்றது என்பதை அறிந்தால் இவ்விதிகளின் காரணம் விளங்கும். ஒவ்வொரு வலியும் கருப்பையின் வாயைச் சிறிது சிறிதாக இழுத்துத் திறக்கின்றது. அவ்வாய் பத்து சென்ரிமீற்றர் அளவு திறந்தபின்னரே குழந்தையின் தலை வெளிவரும். ஐந்து சென்ரிமீற்றர் வரையிலான முற்பகுதி மெதுவாக நகரும். சிலருக்கு ஒரு பகலையும் கொள்ளும். அதன்பின் வேகம் மிகும். தலைச்சன் பேற்றிலும் அப்பிற்பகுதி பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. பின்வரும் பேறுகளில் 10 மணியைத் தாண்டுவதில்லை. பலருக்கு இவற்றிலும் மிகக் குறைவே. வாய் முழுதும் திறவாமுன் "முக்கு, முக்கு" எனத் தாயை ஏவுதல் அவளை வீணே களைப்புறச் செய்யும். வலியை விரைவுபடுத்த விளக்கெண்ணெய் கொடுப்பதும் நன்றன்று. அதனால் வயிற்றோட்டமும் சோர்வுமே மிஞ்சும்.

நான்காவது அறிகுறி பனிக்குடம் உடைதல். குழந்தையைச் சூழ்ந்திருக்கும் நீர்ப்பை கிழிந்து நீர் வெளிப்படுகின்றது. சிலருக்குக் குடம் கவிழ்ந்தாற்போற் பெருகும். சிலருக்குத் துளித்துளியாகக் கசியும். கசிவைச் சிறுநீரென மயங்குவோர் பலர். சிறுநீரை அடக்க முடியும். அதற்குத் தனி மணமும் உண்டு. பனிநீரை அடக்க முடியாது. எழுந்தால், இருமினால் மேலும் கசியும். ஐயமிருப்பின் தூய வெள்ளைத் துணியை மடித்து வைத்து, நனைவையும் நிறத்தையும் காணலாம்.

நிறைமாதத்தை எட்டியவருள் பத்தில் ஒருவர் அளவினருக்கு வலி வருமுன்பே பனிக்குடம் உடைவதுண்டு. வலியில்லையே என்று அவர் வீட்டிலிருந்துவிடலாகாது. காவலாக நின்ற உறை கிழிந்தபின், நேரம் செல்லச்செல்லக் கிருமிகள் உட்புக வழி ஏற்படுகின்றது. உடைந்த நேரத்தையும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நிறமற்றோ இளவைக்கோல் நிறமாகவோ இருத்தல் இயல்பு. பச்சையோ கரும்பழுப்போ ஆயின், குழந்தை உள்ளேயே மலங்கழித்துள்ளது என்பது பொருள். விரைவு மேலும் வேண்டும். துர்நாற்றம் வீசின் அது தொற்றின் அடையாளம். மிக அரிதாக, நீரோடு தொப்புள்கொடி இறங்கி வெளியே தென்படலாம். அதனைத் தொட்டு உள்ளே தள்ள முயலாது, தாயை முழங்காலும் முழங்கையும் ஊன்றி, இடுப்பு உயர்ந்து தலை தாழ்ந்திருக்கும்படி இருத்தி, அந்நிலையிலேயே கொண்டு செல்லுதல் வேண்டும்.

இவை பேற்றின் அறிகுறிகள். பேற்றோடு தொடர்பின்றியும் தோன்றி, இரவென்றும் பகலென்றும் பாராது விரையச் சொல்லும் அபாய அறிகுறிகள் வேறு. கடுந்தலைவலியும், பார்வை மங்கலும், மேல்வயிற்று வலியும், முகத்திலும் கையிலும் திடீர் வீக்கமும் மிகை இரத்த அழுத்தத்தின் எச்சரிக்கைகள். அடுத்து வருவது வலிப்பாக இருக்கலாம். முற்காலத்தார் சன்னி கண்டது, பேய் அறைந்தது எனக் கலங்கிய பல மரணங்களுக்குக் காரணம் இந்நோயே. இடைவெளியின்றித் தொடர்ந்து கல்லெனக் கெட்டித்து நிற்கும் வயிறு, காய்ச்சல், மூச்சுத்திணறல், பெருகும் இரத்தம் ஆகியனவும் இவ்வகையினவே.

குழந்தையின் அசைவு குறைதலும் அபாய அறிகுறியே. பேறு நெருங்கும்போது பிள்ளை அடங்கிக் கிடக்கும் என்னும் நம்பிக்கை தோட்டப்புறத்தில் மாத்திரமன்றி எங்கும் உண்டு. அது தவறு. இடம் குறைவதால் அசைவின் தன்மை மாறலாம். ஆனால் அசைவு நிற்பதில்லை. வழக்கத்திலும் குறைந்ததெனத் தாய்க்குத் தோன்றினால் அதுவே போதிய காரணம். மறுநாள் கிளினிக்குக்காகக் காத்திராது அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். தன் வயிற்றுப் பிள்ளையின் வழக்கத்தை அத்தாயைக் காட்டிலும் நன்கறிந்தவர் வேறு எவருமில்லை.

இன்னும் ஒரு சாரார் எந்த அறிகுறிக்காகவும் காத்திருக்கலாகாதோர். முன்னர் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுக்கப்பட்டவர், இரட்டைப் பிள்ளையைச் சுமப்பவர், பிள்ளை குறுக்காகக் கிடப்பதாகச் சொல்லப்பட்டவர், முன்னைய பேற்றில் இரத்தம் பெருகியவர், கடும் இரத்தசோகை உள்ளவர், இதயநோய் உள்ளவர் ஆகியோர் அவர். இவர்களை வைத்தியர் குறித்த நாளுக்கு முன்பே வந்து விடுதியில் தங்கும்படி கூறுவதுண்டு. "வீட்டில் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்ற நியாயமான கவலையினால் அக்கூற்றை ஒதுக்கிவிடுவோர் உளர். அயல்வீட்டாரும் உறவினரும் அக்கவலையை ஏற்றுக்கொள்ளுதல், தாய்க்குச் செய்யும் பேருதவியாகும்.

அறிகுறியை அறிந்தும் ஆயத்தமில்லாவிடின் பயனில்லை. எட்டாம் மாதம் முடியுமுன்பே ஒரு பையிலே கர்ப்பகாலப் பதிவேட்டு அட்டை, கிளினிக் துண்டுகள், தாயின் அடையாள அட்டை, மாற்றுடை, தூய பழந்துணிகள், குழந்தைக்கான உடை, சிறிது பணம் ஆகியவற்றை வைத்துவிடல் வேண்டும். யாருடைய வண்டி வரும், அது பழுதாயின் மாற்று எது, பாதை அடைபட்டால் மறுவழி எது என்பனவற்றைப் பகலிலேயே பேசி முடிவுசெய்தல் நலம். 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். அழைப்பவர் தோட்டத்தின் பெயரோடு கணக்கின் பெயரையும், அருகிலுள்ள கோயில், தொழிற்சாலை, பாடசாலை முதலிய அடையாளத்தையும் தெளிவாகக் கூறவேண்டும். லயத்துக்கு வண்டி ஏறாதெனின், எந்தச் சந்தியில் தாய் காத்திருப்பாள் என்பதையும் சொல்லுதல் வேண்டும். தோட்ட மருத்துவமாதின் தொலைபேசி எண்ணைச் சுவரிலேயே எழுதி வைத்தல் மிக நன்று.

எல்லா ஆயத்தங்களையும் மீறி, வழியிலேயே பிள்ளை பிறந்துவிடுவதும் உண்டு. அப்போது செய்யவேண்டியவற்றினும் செய்யத்தகாதனவே அதிகம். தலையைப் பிடித்து இழுத்தலாகாது. மெல்லத் தாங்கிக்கொண்டாற் போதும். தொப்புள்கொடியைக் கத்தி, பிளேடு முதலியவற்றால் அறுத்தலாகாது, இழுத்தலும் ஆகாது. பிள்ளையை உலர்ந்த துணியால் நன்கு துடைத்து, தாயின் வெறும் மார்பிலே கிடத்தி, தலையுட்பட இருவரையும் சேர்த்துப் போர்த்தல் வேண்டும். மலைக்குளிரில் நனைந்த சிசுவின் சூடு விரைந்து இறங்கும். தாயின் மார்பினும் சிறந்த கணப்பு வேறில்லை. உடனே பால் கொடுத்தல் பிள்ளைக்கும் நன்று. தாயின் கருப்பை சுருங்கி இரத்தம் குறைவதற்கும் துணையாகும். நஞ்சு தானாக வெளிப்பட்டால் அதனையும் பையிலிட்டு உடன்கொண்டு செல்லவேண்டும். பிள்ளை பிறந்துவிட்டதே என வழியிலிருந்து திரும்பிவிடுதல் பெருந்தவறு; தாயின் உயிரைக் கவரும் இரத்தப்பெருக்கு பிள்ளை பிறந்த பின்னரே பெரும்பாலும் நேர்கின்றது.

இவ்வறிவு தாய்க்கு மாத்திரம் உரியதன்று. வலி வந்த நேரத்தில் அவள் முடிவெடுக்கும் நிலையில் இருப்பதில்லை. சொல்லக் கூசுபவளும் உண்டு. இளம் மருமகள் தன் உடலில் நேரும் கசிவையும் கறையையும் மாமியாரிடம் கூறத் தயங்கினால், விலைமதிப்பற்ற மணி நேரங்கள் ஓடிவிடும். "என் காலத்தில் நாங்கள் லயத்திலேயே பெற்றோம்" என்று முதியவள் கூறுவதும் உண்டு. அது மெய்யே. ஆனால் அவளோடு சேர்ந்து கருவுற்ற தோழியருள் எத்தனை பேர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவ்வறையை விட்டு வெளியே வந்தனர் என்பதையும் அவளே அறிவாள். அந்நினைவு அவளைத் தடையாக்காது, துணையாக்குதல் வேண்டும். கையால் வயிற்றைத் தொட்டு வலியின் ஒழுங்கை உணரும் பழக்கம் அவளுக்கு உண்டு. கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்கும் எழுத்தறிவு மகனுக்கு உண்டு. இரண்டும் கூடினால் அந்த லயத்து அறைக்குள் தாமதத்துக்கு இடமிராது.

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது தமிழ் மக்களின் வழக்கு. அவ்வழக்கில் அச்சம் ஒலிக்கும் காலம் இருந்தது. மருத்துவமாதும், மருந்தும், இரத்தவங்கியும் அவ்வச்சத்தைப் பெரிதும் தணித்துள்ளன. எஞ்சியுள்ளது மலைப்பாதையும், அதில் எப்போது இறங்குவது என்ற முடிவுமே. மழையிரவில் எழுந்த அந்தக் கேள்விக்கு, "சூட்டு வலியா, பிள்ளை வலியா?" என்ற அந்தக் கேள்விக்கு, வீட்டார் தெளிவாக விடைகூற இயலுமாயின் நன்று. இயலாவிடில், ஐயத்தின் பயனைத் தாய்க்கும் சேய்க்குமே கொடுத்துப் புறப்பட்டுவிடுவது நன்று. வீணாகச் சென்று திரும்பியவளை எவரும் நகையாடலாகாது. அவள் மறுமுறையும் அஞ்சாது புறப்படுவதற்கு, அந்த ஒரு கண்ணியமே போதும்.